நார்த்தங்காய்க்கு உப்புப் பார்த்த வருஷம்

எங்கள் வீட்டுப் படியில் ஏறுகிறவர்களை முதலில் வந்து கூப்பிடுவது நார்த்தங்காய் வாசனைதான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி ஓடுகிறது. எங்கள் வீட்டிலும் ஓடுகிறது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் தறிக்காரர் வீடு என்று சொன்னால் எந்தத் தறிக்காரர் என்று கேட்பார். நார்த்தங்காய் வீடு என்றால் கேள்வியே கிடையாது, நேரே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்தப் பேரை வாங்கித் தந்தவள் என் ஓர்ப்படியாள், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கீழ்வீட்டில் அவள் குடும்பம், மேல்வீட்டில் என் குடும்பம். அதற்கும் மேலே மொட்டை மாடி. மாடி இரண்டு வீட்டுக்கும் பொது என்று பேச்சு, ஆனால் தை பிறந்துவிட்டால் அங்கே துணி காயப்போட எனக்கு ஒரு முழம் கயிறுகூடக் கிடைக்காது. பாய் பாயாக நார்த்தங்காய் விரிந்து கிடக்கும். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். டி.சி. வாங்க வருகிறவர்கள் என் மேஜைக்கு முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவு நல்ல பேர் எனக்கு. வீட்டிலும் அதே வாய்தான். மாடிக்காக நானும் அக்காவும் போட்ட சண்டையை நிறுத்தத் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர்.

ஆனால் காயைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அது மட்டும் மனசாட்சிக்கு விரோதம்.

எலுமிச்சைக்கு எங்கள் பக்கம் இருக்கிற மரியாதையே வேறு. மூட்டை மூட்டையாக லாரி ஏறிக் கேரளாவுக்குப் போகிறது, ஏலம் போடுகிறார்கள், கோவிலில் அம்மன் கையில் வைக்கிறார்கள், புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிறார்கள். நார்த்தைக்கு இதெல்லாம் கிடையாது. ராயகிரிப் பக்கம் தோப்புகளில் எலுமிச்சை வரிசை வரிசையாக நிற்கும். நார்த்தை கிணற்று மேட்டிலோ வேலியோரத்திலோ ஒன்றிரண்டு தானாக நிற்கும். யாரும் உரம் வைப்பதில்லை. சொரசொரவென்று தடித்த தோல், உரித்தால் உள்ளே வெள்ளையாகக் கசப்பு, அதற்கும் உள்ளே கண்ணைச் சுருக்கவைக்கிற புளிப்பு. அப்படியே தின்ன முடியாது. ஒரு காயைக் கடித்துப் பார்த்த மனுஷர் யாரோ, இதையும் ஒரு கை பார்க்கலாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார் பாருங்கள், அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

அந்த மரத்தில் வீணாகப் போவது என்று ஒன்று இல்லை. இளம் இலையை நரம்பு கிழித்து, மிளகாயும் ஓமமும் உப்பும் வைத்து இடித்து உருட்டினால் மோர்ச் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். பழுத்த பழத்தைப் பிழிந்து வெல்லம் கரைத்துக் குடித்தால் சித்திரை வெயிலில் அலைந்த தலைக் கிறுகிறுப்பு நிற்கும். காய்ச்சலில் கிடந்து வாய் கசந்தவர்களுக்கு ஒரு கீற்று உப்பு நார்த்தங்காய் கொடுத்துப் பாருங்கள், அடுத்த வேளை கஞ்சியை அவர்களே கேட்பார்கள். வயிறு மந்தமாக இருந்தால் பழைய காயில் ஒரு துண்டை வெந்நீரில் கரைத்துக் குடிப்போம். பித்தத்துக்கு இதைப் போல இல்லை என்பார்கள். இதில் மருந்து எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. என் வயிற்றுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மசக்கையில் சோற்று வாசனை பட்டாலே குழாயடிக்கு ஓடிக்கொண்டிருந்த எனக்கு, முதல் முதலில் வயிற்றில் தங்கிய ஆகாரம் அக்கா தந்த நொய்க்கஞ்சியும் ஒரு சுருள் நார்த்தங்காயும்தான். குடித்துவிட்டு, வாந்தி வரும் வரும் என்று குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

சுருள் என்றேன். அதுதான் அக்காவின் கை. காயை மேலிருந்து கீழ்வரை ஒரே நாடாவாகச் சுற்றிச் சுற்றிக் கீறுவாள். எங்கும் அறுந்து போகாது. மூடினால் முழுக் காய், தூக்கிப் பிடித்தால் ஸ்பிரிங் மாதிரி இறங்கும். அந்த மடிப்புக்குள் எல்லாம் தூத்துக்குடிக் கல்லுப்பைத் தட்டி, மஞ்சள் சேர்த்து அடைத்து ஜாடியில் போட வேண்டும். ஒரு வாரத்தில் காய் தண்ணீர் விட்டுவிடும். பிறகு காலையில் எடுத்து வெயிலில் காயவைத்து, சாயங்காலம் அதே உப்புச் சாற்றில் திரும்பப் போட வேண்டும். சாறு முழுவதும் சுண்டிக் காய்க்குள் போகிற வரைக்கும் தினமும் இதே வேலை. முடிவில் காய் பழுப்பாகி மேலே உப்புப் பூத்து நிற்கும். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, வருஷக்கணக்கில் கெடாது.

எண்ணெய் இல்லாததில்தான் வியாபாரமே இருக்கிறது. கடையநல்லூரில் மளிகைக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர்தான் இதை முதலில் கண்டுபிடித்தார். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். விமானத்தில் மாங்காய் ஊறுகாய் கொண்டுபோனால் எண்ணெய் கசிந்து புதுச் சட்டையெல்லாம் நாறிப்போகும். நார்த்தங்காய் ஒழுகாது. துபாயிலும் தம்மாமிலும் அறையில் தனியாகப் பொங்கித் தின்கிற பிள்ளைகளுக்கு, தயிரும் இதுவும் இருந்தால் ஒரு வேளை ஓடிவிடும். பெட்டி கட்டுகிற வீட்டிலிருந்து பாய்க்கு ஆள் வரும், பாயிடமிருந்து அக்காவுக்கு போன் வரும். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்களும் பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்காரர்களும் நேராகவே வந்துவிடுவார்கள். வருகிறவர்களிடம் அக்கா முதலில் கேட்பது, பிரஷர் இருக்கா என்பதுதான். இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் ஒரு சுருள்கூடத் தர மாட்டாள். இப்படி ஒரு வியாபாரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

உப்பு எவ்வளவு என்று அவளுக்கு அளவே கிடையாது. படியும் இல்லை, தராசும் இல்லை. நாக்குதான். ஒவ்வொரு காயும் ஒவ்வொரு மாதிரி. மழை பெய்த வருஷத்துக் காய் தண்ணீர் கூட விடும், கிணற்று மேட்டு மரத்துக் காய் கசப்புக் கூட. அதனால் விடிந்ததும் ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் ஒரு சொட்டுச் சாற்றை எடுத்து நாக்கில் வைப்பாள். வாய் வெறும் வாயாக இருக்க வேண்டும். காப்பி குடித்திருக்கக் கூடாது. பேஸ்ட் போட்டுப் பல் தேய்த்திருக்கவும் கூடாது, அந்தக் காரம் உப்பை மறைத்துவிடுமாம். கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு இந்த ஜாடிக்கு ஒரு பிடி போடு, அந்த ஜாடி இன்னும் ஒரு வெயில் காயட்டும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொள்வாள். சொன்னால் சொன்னதுதான்.

அந்த அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது, பிறகு ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நகம் கறுத்தது. சொந்தக்காரர்கள் கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து பூசிவிட்டார்கள், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கோமதி அம்மனிடம் சண்டை போட்டேன். எல்லாம் முடிந்து, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நாக்கில் ருசி போய்விட்டது. எதைத் தின்றாலும் இரும்பை நக்கினது போல இருக்கிறது என்றாள். மருந்து செய்கிற வேலை, மெதுவாகத் திரும்பும், சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு நாளாகும் என்றார் டாக்டர். உயிர் பிழைத்து வந்திருக்கிறாய், ருசிக்குப் போய் அழலாமா என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய நாக்கு அவளுக்கு என்ன என்று இவர்களுக்கு என்ன தெரியும்.

தை பிறந்ததும் ராயகிரியிலிருந்து காய் வந்து இறங்கியது. வேண்டாம் இந்த வருஷம், ஓய்வெடு என்று அவள் வீட்டுக்காரர், என் அத்தான், சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. கை அதே கைதான், ஒரு சுருள் அறுபடவில்லை. உப்பை மட்டும் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டாள். முதல் ஜாடி காய்ந்து வந்ததும் எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அத்தான் பிரமாதம் என்றார். என் வீட்டுக்காரர் எப்பவும் போல இருக்கு மைனி என்றார். கடையநல்லூருக்குக் கொடுத்துவிட்ட மாதிரிப் பொட்டலத்துக்கு, பாயும் போனில் குறை ஒன்றும் இல்லை தங்கச்சி என்றுவிட்டார். ஆனால் அதற்கு அப்புறம் அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை.

எல்லாருக்கும் துண்டு கொடுத்த அன்றைக்கு நான் மத்தியானம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தயிர்ச்சோற்றுக்கு அதைக் கடித்தேன். முதலில் உப்பு மண்டையில் ஏறியது. அது அடங்குவதற்குள் கசப்பு வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. கீழே இறங்கிப் போனேன். வாசலிலேயே வைத்து, இதை வாயில் வைக்க முடியவில்லை, உப்பும் தப்பு, காயவைத்ததும் தப்பு, இது உன் கைக் காயே இல்லை என்று சொன்னேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

சொன்னது தப்பு என்று தோன்றவில்லை. இப்படிச் சொல்ல நேர்ந்துவிட்டதே என்றுதான் இருந்தது. மறுநாள் விடிந்தும் விடியாமல் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா நிற்கிறாள். கையில் கிண்ணம், கிண்ணத்தில் சாறு.

"ஏட்டி, பல் தேச்சிட்டியா?"

இல்லை என்றேன்.

"நல்லதாப் போச்சு. எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு எனக்கு வாய்க்கரிசி போடுதாங்க. நீ ஒருத்திதான் எங்கூடச் சண்ட போடுத. இந்தா, உப்புப் பாரு."

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். படி இறங்குகிறபோது திரும்பிப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னாள். பங்குனி முடிகிற வரைக்கும் பார்ப்பாளாம். அதற்குள் நாக்கு திரும்பவில்லை என்றால் ஜாடியெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவாளாம். இரவல் நாக்கை வைத்துக்கொண்டு ஊருக்கு விற்க அவளால் முடியாது.

அப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் காலையில் காப்பி இல்லை. காப்பி இல்லாத நான் எப்படி இருப்பேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். மாடியில் வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, நடுவில் வெந்நீரில் வாய் கொப்பளிப்பு. வெறுமனே உப்பு, புளிப்பு என்று சொன்னால் அக்கா விட மாட்டாள். எது முதலில் வருகிறது, எது கடைசியில் நிற்கிறது, கசப்பு நாக்கு நுனியில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா என்று போலீஸ் விசாரணை மாதிரி கேட்பாள். நான் சொல்லச் சொல்ல, காயைத் தொட்டு, அழுத்தி, தோலைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்து உப்பைக் கூட்டுவாள், குறைப்பாள். முதல் சில நாள் எனக்கு எல்லாம் ஒரே உப்பாகத்தான் இருந்தது. போகப் போக ஜாடிக்கு ஜாடி வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. கிணற்று மேட்டு மரத்துக் காய் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருஷம் இதைத் தினமும் சோற்றோடு தின்றும் இதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு காய் கசப்பை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வாசனைக்கு மாறுகிறதை நாள்தோறும் நாக்கில் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

மாசியில் இறங்கிய ஜாடிகள் நன்றாகவே வந்தன. பாய்க்கு மறுபடியும் ஒரு பொட்டலம் போனது. இந்தத் தடவை அவர் போனில் பேச ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். முதலில் வந்ததைப் பற்றி மனசு கேட்காமல் பொய் சொல்லிவிட்டேன் தங்கச்சி, அல்லாஹ் மன்னிக்கணும், இதுதான் உங்க காய் என்றாராம். அக்கா அதை என்னிடம் சொன்னபோது முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஆனால் பாதிச் சந்தோஷம்தான். பாயிடமிருந்து ஆர்டர் வந்தது, ஆட்கள் வந்தார்கள், எல்லாருக்கும் கட்டிக் கொடுத்தாள். தனக்கு மட்டும் தட்டில் ஊறுகாய் வைத்துக்கொள்ளாமல் மோரை ஊற்றிப் பிசைந்து, மாத்திரை விழுங்குகிற மாதிரி விழுங்கிவிட்டு எழுந்திருப்பாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போல இருக்கும்.

பங்குனி வந்தது. வெயில் ஏறியது. காய் வரத்து குறைந்து, கடைசியாக இரண்டு கூடை மட்டும் வந்தது. அதையும் கீறி உப்படைத்தாள். நாக்கைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலியான ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த வரிசை நீண்டுகொண்டே போனது. இந்த வீட்டு மாடியில் துணி காயப்போட எனக்கு இடம் கிடைக்கப்போகிறது என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு இடமே எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

கடைசி ஜாடியை முடிக்கிற அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சாறு பார்த்தேன். புளிப்பு முன்னால் வந்தது, உப்பு சரியாகப் பின்னால் வந்து நின்றது, கசப்பு பேருக்கு இருந்தது. கச்சிதம் என்று சொல்லிவிட்டுப் பாயை உதறப் போனேன். அக்கா ஜாடியில் கையை விட்டுக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்துக்கொண்டிருந்தாள். விரலில் சாறு வழிந்தது. வழக்கமாகத் துண்டில் துடைப்பாள். அன்றைக்குக் கை தன்னால் வாய்க்குப் போனது.

"உப்புக் கூட" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். காலையிலிருந்து வெறும் வாயோடு நின்று பார்த்துச் சொல்கிறேன், கூட என்கிறாள். கூட இல்லை, சரியாக இருக்கிறது என்றேன். இல்லை, ஒரு சிட்டிகை கூடத்தான், காய் காய்ந்தால் இன்னும் தூக்கும் என்றாள். காய்ந்தால் தூக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன், எனக்கு அது தெரியாதா என்றேன். நேற்று வந்தவள் நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று அவளும் குரலை உயர்த்தினாள். எதிர்வீட்டு மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே தறி நின்றது. யாரோ படியேறி வருகிற சத்தம்கூடக் கேட்டது. நான் எங்கே நிறுத்தினேன். பாயைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்:

"உப்புக் கூடன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கேட்டுவிட்டேன். கேட்டது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்தது.

அக்கா விரலைப் பார்த்தாள். மறுபடியும் வாயில் வைத்தாள். பிறகு பாயிலிருந்து ஒரு சுருளைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். மெல்ல மெல்ல முகம் சுருங்கியது, கண் இடுங்கியது, தாடை நடுங்கியது. நார்த்தங்காயை முதல் தடவை தின்கிற குழந்தைக்கு வருகிற முகம். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை.

"கசக்குது, ஏட்டி" என்றாள். "புளிக்கிது. எல்லாம் தெரியுது."

நான் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன். என் சேலையெல்லாம் உப்புச் சாறு. படியேறி வந்த அத்தானும் என் வீட்டுக்காரரும் சண்டை முற்றிவிட்டது என்று நினைத்து எங்களைப் பிரித்துவிட ஓடி வந்தார்கள். இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்ததால் விஷயத்தைச் சொல்ல எங்களால் முடியவில்லை. அவர்களும் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். கடைசியில் அக்காதான் முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, அந்த ஜாடியை எட்டிப் பார்த்து, உப்புக் கூடத்தான் என்று மறுபடியும் ஆரம்பித்தாள்.

நான் விடவில்லை. அழுதுகொண்டேதான் பதில் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அந்த ஜாடியில் உப்பு சரியாகத்தான் இருந்தது.